நாஸிமின் தொட்டிக்கு வந்த விளக்குகள்

நாஸிமுக்குக் கால்கள் போனது ஒரு கடலட்டைச் சீசனில். அன்று முல்லைத்தீவுக் கடலில் அவன் மூன்றாவது சிலிண்டரோடு இறங்கியிருந்தான். அடியில் அட்டைகள் நிறையக் கிடந்தன. காற்று முடியப்போகிறது என்பது உறிஞ்சும்போதே தெரிந்தது. இன்னும் இரண்டைப் பொறுக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தான். அதற்குள் காற்று அடியோடு நின்றுவிட்டது. ஆழத்திலிருந்து வருகிறவன் இடையில் நின்று நின்றுதான் மேலே வரவேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிடும். நிற்பதற்கு அவனிடம் மூச்சு இருக்கவில்லை. ஒரே வீச்சாக மேலே வந்தான். படகில் ஏறித் தண்ணீர் குடித்தான், கூட வந்தவர்களோடு பகிடியும் விட்டான். கரைக்கு வந்து இறங்க எழும்பியபோது இடுப்புக்குக் கீழே தனக்கு ஒன்றும் இல்லாததுபோல இருந்தது.

கூட்டாளிகள் அவனைத் திரும்பக் கடலுக்குள் இறக்கி வைத்திருந்து பார்த்தார்கள். அது சரிவரவில்லை. இந்த நோய்க்கு ஆளை அடைத்து வைத்துக் காற்றழுத்தம் கொடுக்கிற அறை ஒன்று வேண்டும். அது தூரத்தில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

அவன் பிறந்தது தண்ணீரூற்று என்ற ஊருக்குப் பக்கத்தில் நீராவிப்பிட்டியில். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம் சனங்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது சின்னப் பிள்ளை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனவன். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களுக்கு நடுவே வளர்ந்து, கற்பிட்டிக் கடலில் சுழியோடப் பழகினான். அங்கே பக்கீர் என்ற வியாபாரி தொட்டியில் வளர்க்கிற மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். அவருக்காக நாஸிம் பவளப் பாறைகளுக்கு நடுவில் சின்ன வலையோடு வண்ண மீன் பிடித்தான். சண்டை முடிந்த பிறகு, அதே கொட்டில்களில் வளர்ந்த ஷிஹானாவைக் கலியாணம் முடித்து, வாப்பாவின் காணிக்குத் திரும்பி வந்தான். காடு பிடித்துக் கிடந்த வளவை இரண்டு பேருமாக வெட்டித் துப்புரவாக்கி ஒரு கல்வீடு எழுப்பினார்கள். கூரை போட்ட அடுத்த வருசம் கால் போனது. பிள்ளை இல்லை. இனிக் கிடைக்காது என்று டொக்டர் சொன்னதை ஷிஹானா அவனிடம் சொல்லாமலே வைத்திருந்தாள். அவனுக்கு அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தான். யாராவது பார்க்க வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அப்படிக் கிடந்தவனைத் தேடித்தான் ஒருநாள் பக்கீர் தன்னுடைய கூலர் லொறியில் வந்தார். திருகோணமலைப் பக்கம் மீன் ஏற்ற வந்தவர், கேள்விப்பட்டு இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்.

"நாஸிம், கடலுக்குப் போக ஏலாட்டி, கடல வீட்டுக்குக் கொண்டு வா" என்றார். "தொட்டியில வளக்கிற மீனுக்கு இப்ப நல்ல கேள்வி, விலையும் இருக்கு. கோமாளி மீனும், அது குடியிருக்கிற கடற்பூவும் வளத்துத் தந்தால் நான் வந்து எடுக்கிறன்."

நாஸிம் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பக்கீரை அண்ணன் முறை வைத்து ஷிஹானாதான் பதில் சொன்னாள்.

"கடல்தண்ணி நான் கொண்டு வருவன் நானா. நீங்க என்ன செய்யவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

நீராவிப்பிட்டியிலிருந்து கடல் கிட்டத்தில் இல்லை. கள்ளப்பாட்டுக் கரையில் மீன்பிடிக்கிற முத்துலிங்கம் நாஸிமின் பழைய பழக்கம். சந்தைக்கு வரும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளில் இரண்டு கான் கடல்தண்ணீர் கட்டிக்கொண்டு வருவார். மிச்சத்தை ஷிஹானா பஸ்ஸிலும், சில நாட்களில் ஆட்டோவிலும் போய் எடுத்து வந்தாள். கண்ணாடி வெட்டி ஒட்டித் தொட்டி செய்து, கட்டிலில் இருந்தபடியே கை எட்டுகிற மாதிரி வைத்தார்கள். கடலிலிருந்து பவளப் பாறையை எடுத்தால் வழக்கு. அதனால் வெறும் கல்லும் சிப்பியும்தான் அடுக்கினார்கள். கோமாளி மீன் சோடி ஒன்றைப் பக்கீர் அனுப்பி வைத்தார். முதல் கடற்பூ முத்துலிங்கத்தின் வலையில் சிப்பியோடு சிக்கி வந்தது. பூ என்று சொன்னாலும் அது ஒரு பிராணி. அடிப்பாதத்தால் கல்லில் ஒட்டிக்கொண்டு, மேலே நூற்றுக்கணக்கான விரல்களை விரித்து ஆட்டிக்கொண்டிருக்கும். கபில நிற விரல்கள், நுனியில் ஊதா.

முதலில் தொட்டிக்கு மேலே போட்டது வீட்டுக்குப் போடுகிற டியூப் லைட். இரண்டைப் பக்கம் பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். மீன்களுக்கு அது போதும். கடற்பூவுக்குப் போதவில்லை. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை சமைக்கிற சாப்பாட்டில்தான் பூவுக்கும் பங்கு. டியூப் வெளிச்சம் தண்ணீரின் மேற்பரப்போடு களைத்துவிட்டது. பூ தன் இடத்தைவிட்டுக் கழன்று கண்ணாடியில் ஏறத் தொடங்கியது. நாளுக்குக் கொஞ்சமாக ஊர்ந்து மேலே வந்து, டியூப்புக்குக் கீழே வாயைத் திறந்தபடி தொங்கியது. நிறமும் மங்கிவிட்டது.

"இது வெளிச்சத்துக்குப் பசிச்சுக் கிடக்குது" என்றான் நாஸிம். மாதக்கணக்கில் அவன் தானாக வாயைத் திறந்து சொன்ன முதல் வசனம் அது. ஷிஹானா குசினியில் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள்.

அடுத்த முறை பக்கீர் வந்தபோது ஒரு மெட்டல் ஹேலைட் விளக்கைக் கொண்டு வந்தார். கொழும்பில் ஒரு மீன் ஏற்றுமதிக்காரர் கழித்துவிட்ட சாமான். குடை மாதிரித் தகடு, அதற்குள்ளே ஒரு குண்டு பல்ப், கூடவே செங்கல் பாரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. போட்டதும் பெட்டி வண்டு போல இரைந்தது. பல்ப் ஊதாவாகத் தொடங்கி, மெல்ல மெல்லத் தெளிந்து, கண் கூசுகிற வெள்ளைக்கு வந்தது. ஒரே புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சம் என்பதால், தண்ணீர் அசைய அசைய அடிமணலில் ஒளிக்கோடுகள் வலைபோல ஓடின. அறைச் சுவரிலும் கூரையிலும் அவை ஓடின. ஆழம் குறைந்த கடலில் மத்தியானத்தில் மல்லாந்து கிடந்து பார்த்தால் எப்படியோ, அப்படி.

நாஸிம் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பக்கீர் லொறியைப் பார்க்கப் போகிறவர்போல வெளியே போய்விட்டார்.

அந்த விளக்குக்குக் கீழே கடற்பூ திரும்பவும் கல்லில் இறங்கி ஒட்டியது. நிறம் திரும்பியது. சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு விரிந்தது. கோமாளி மீன் சோடி அதற்குள் குடிபுகுந்து, பக்கத்துக் கல்லில் செம்மஞ்சள் முட்டைகளை ஒட்டியது. பூவும் ஒருநாள் நடுவில் இறுகி, இரண்டாகப் பிரிந்து, இரண்டு பூவாக நின்றது. பிறகு அவையும் பிரிந்தன. பக்கீர் வரும்போதெல்லாம் பொலித்தீன் பைகளில் காற்றடைத்துக் குஞ்சுகளையும் பூக்களையும் ஏற்றிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்து தொட்டிக்கு முன்னால் நிற்பார்கள். நாஸிம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, எது ஆண் எது பெண் என்று காட்டிக்கொடுப்பான். நாஸிமும் ஷிஹானாவும் வாழ்ந்ததில் நல்ல காலம் என்று சொன்னால் அதுதான்.

ஆனால் அந்த விளக்கு அடுப்பு மாதிரி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே தண்ணீர் கொதித்துவிடும்போல் இருக்கும். ஷிஹானா ஐஸ் போத்தல்களை மாற்றி மாற்றி மிதக்கவிடுவாள். ஆவியாகிப் போகிற தண்ணீருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவாள். கரண்டையும் அது குடித்துத் தள்ளியது. வீட்டில் மற்ற விளக்குகளைப் போடாமல் இருக்கப் பழகினார்கள். சுவரில் ஓடுகிற ஒளியிலேயே ஷிஹானா மரக்கறி வெட்டுவாள்.

பிறகு நாட்டில் எல்லாம் ஒன்றாக விழுந்த வருசம் வந்தது. பெட்ரோல் இல்லை, எரிவாயு இல்லை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. ஹேலைட் விளக்குக்கு ஒரு குணம் உண்டு. சூடாக இருக்கும்போது அணைந்தால், நன்றாக ஆறும்வரை திரும்பப் பற்றாது. ஆறிப் பற்றி, வெள்ளைக்கு வருவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். பல்பும் பழசாகி மஞ்சளாக எரியத் தொடங்கியது. புதிது வாங்க நாட்டுக்குள் இல்லை, இறக்குமதி நின்றுபோயிருந்தது. பூக்கள் ஒவ்வொன்றாக மெலிந்தன. கரண்டுக்கு விலை ஏறியதும், "இதை எரிச்சால் நாங்க சாப்பிட ஏலாது" என்று ஷிஹானா முதல் தடவையாகச் சொன்னாள்.

அவளுடைய தம்பி கட்டாரில் வேலை செய்கிறவன். விடுமுறையில் வந்தபோது பவளத் தொட்டிக்கென்றே செய்த எல்.ஈ.டி. விளக்கு ஒன்றைப் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தான். மெல்லிய கறுப்புப் பலகை மாதிரி இருந்தது. ஒரு திருகு வெள்ளைக்கு, ஒரு திருகு நீலத்துக்கு. ஒரு லொறிப் பற்றரியும் சின்ன இன்வேட்டரும் இருந்தால் கரண்ட் வெட்டிலும் எரியும்.

பக்கீரும் அன்று வந்திருந்தார். இரண்டு விளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, மாறி மாறிப் போட்டுப் பார்த்தார்கள். பக்கீர் எல்.ஈ.டி.க்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"சூடே இல்லையே நாஸிம். சூடில்லாத வெளிச்சத்தில என்ன சத்து இருக்கும்?"

"சூடு வீணாப் போறது நானா. பழையதில பாதிக் கரண்ட் சூடாத்தான் போச்சுது. பல்பும் வருசத்துக்கு வருசம் மாத்தத் தேவையில்லை. இது கன காலம் நிக்கும்" என்றான் நாஸிம்.

"கண்ணுக்கு மங்கலாக் கிடக்குது."

நாஸிமுக்கும் அப்படித்தான் பட்டது. ஹேலைட் வெயில்போல அடித்த அறையில் இது நிலா மாதிரி நீலமாக நின்றது. அவன் இரண்டு திருகுகளையும் கடைசிவரை திருப்பினான்.

நீலம் மனிதக் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிற வெளிச்சம். பூவுக்குள் இருக்கிற பாசிக்கு அதுதான் முழுச் சாப்பாடு. மஞ்சளாகிப்போன பல்பின் கீழே மாதக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்த பூக்களின் மேல் அந்த நீலம் ஒரேயடியாக விழுந்தது. இரண்டாம் நாளே அவை விரல்களைச் சுருக்கிக்கொண்டன. நாஸிம் அதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டான்.

"வெளிச்சம் காணாது போல. கொஞ்சம் பதிச்சுக் கட்டு ஷிஹானா" என்றான்.

அவள் கதிரையில் ஏறிக் கயிற்றை இளக்கி, விளக்கைத் தண்ணீருக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் பூக்கள் வெளிறின. கபிலம் போய், ஊதா போய், கழுவிவிட்ட கண்ணாடி நூல் மாதிரி ஆகின. பாசிகள் உள்ளேயிருந்து வெளியேறிவிட்டன. பயந்துபோன நாஸிம் போனில் தேடித் தேடி, தூத்துக்குடியில் இப்படித் தொட்டி வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்தான். அவர் குரல் பதிவு அனுப்பினார். புது எல்.ஈ.டி.யை நாலில் ஒரு பங்குக்கும் கீழே வைத்துத் தொடங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், ஒரேயடியாகக் கூட்டினால் எரிந்துவிடும் என்று அதில் இருந்தது. கடைசியில், "பண்ணிட்டீங்களா?" என்று கேட்டிருந்தார்.

நாஸிம் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். ஷிஹானா போனைப் பறித்து வைத்தாள்.

"மெல்ல மெல்ல எண்டு எனக்கு யாரும் சொல்லித்தரவேணுமா?" என்றான் அவன். "ஒரேயடியா மேல வந்தால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?"

ஷிஹானா அவன் காலடியில் உட்கார்ந்து, உணர்வில்லாத பாதங்களை வழக்கம்போல எண்ணெய் போட்டுத் தேய்த்தாள்.

விளக்கை உயர்த்தினார்கள், குறைத்தார்கள். இறாலைப் பொடியாக வெட்டி ஈர்க்கில் குத்தி ஒவ்வொரு பூவின் வாயிலும் வைத்தார்கள். சில வாங்கின. அநேகமானவை வாங்கவில்லை. செத்த பூ ஒன்று கல்லின் பின்பக்கம் உருகிக் கிடந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. அது தண்ணீரையே நஞ்சாக்கிவிட்டது. காலையில் ஷிஹானா கதவைத் திறந்தபோது அறை நாறியது. குஞ்சுகள் எல்லாம் மேலே மிதந்தன. சோடியில் பெண் மீன் போய்விட்டது. ஆண் ஒரு மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்து, மத்தியானம் போனது.

ஷிஹானா வாளியில் அள்ளிக்கொண்டு போய்த் தென்னைக்கு அடியில் புதைத்தாள். திரும்பி வந்து, கை கழுவாமலே வாசலில் நின்றாள்.

"எத்தனை வருசம் நான் இந்தக் கடலைத் தூக்கினனான்?" என்றாள். "பஸ்ஸில சனம் மூக்கைப் பொத்தும். கொண்டக்டர் கானைப் பார்த்து ஏசுவான். நீங்க எழும்பி இருந்து கதைக்கிறீங்க எண்டதுக்காகத்தான் தூக்கினனான். மீனுக்காக இல்ல."

"தெரியும்" என்றான் நாஸிம்.

"இனி என்னால ஏலாது."

"ஏலாட்டி விடு" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

பக்கீர் அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை வந்தார். அவருக்கும் சீனி வருத்தம் முற்றிக் கண் மங்கியிருந்தது. லொறியை விற்றுவிட்டதாகவும், பஸ்ஸில்தான் வந்ததாகவும் சொன்னார். மீனில்லாத தொட்டியைப் பார்த்தார். பிழை விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தவன் மேலும் இல்லை, பதித்துக் கட்டியவர்கள் மேலும் இல்லை என்று பொதுவாக எதையோ சொன்னார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, நாஸிமின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். சில மாதங்களுக்குப் பிறகு அவர் மௌத்தாகி அடக்கமும் முடிந்தது என்று கற்பிட்டியிலிருந்து செய்தி வந்தது.

மீன்கள் செத்த அடுத்த நாள் தொட்டியைக் கழுவித் துப்புரவாக்கும்போதுதான் பெரிய கல்லுக்கு அடியில் ஒரு பூ இருப்பதைக் கண்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. கல்லின் நிழலில் ஒட்டிக்கொண்டு கிடந்ததால் வெளிச்சம் அதில் நேரே விழவில்லை. விரல்கள் குட்டையாக, ஆனால் கபிலமாகவே இருந்தன. நாஸிம் அதற்காக விளக்கை மிகவும் குறைத்து, தூத்துக்குடிக்காரர் சொன்ன மாதிரியே கிழமைக்குக் கொஞ்சமாகத் திருகைத் திருப்பினான். பூ சாகவில்லை. விரியவும் இல்லை. இரண்டாகப் பிரியவும் இல்லை. அதில் குடியிருக்க மீனும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. நாஸிம் அதைப் பார்த்தபடி இருப்பான். எதையும் எதிர்பார்த்துப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. எதிரே இருந்தது அது ஒன்றுதான்.

ஷிஹானா புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். விடியக் கம்பனி பஸ் வரும். அவன் உடம்பைத் துடைத்து, சோற்றையும் தண்ணீரையும் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். இருட்டித்தான் வருவாள். கடல்தண்ணீர் எடுக்க நேரமும் இல்லை, உடம்பும் இல்லை. முத்துலிங்கத்துக்கும் வயது போய், மோட்டார் சைக்கிளில் கான் கட்டுவதை மகன்கள் தடுத்துவிட்டார்கள். மாற்றாத தண்ணீரில் பூ சிணுங்கத் தொடங்கியது. கல்லைவிட்டுக் கழன்று, மூலையில் சுருண்டு கிடந்தது.

கார்த்திகையில் நாஸிம் முத்துலிங்கத்துக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, இதைக் கடலில விடவேணும்."

"வாடைக் காத்தடா தம்பி. வள்ளம் இறக்க ஏலாது. தை பிறக்கட்டும், படகில கொண்டுபோய்ப் பாறையில வைப்பம்."

"தை வரைக்கும் தாங்காது அண்ணை."

ஷிஹானாவுக்கு லீவு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்தார்கள். நாஸிமைத் தூக்கிப் பின்சீட்டில் இருத்தி, வாளியை மடியில் கொடுத்தாள். கால் போன நாளுக்குப் பிறகு அவன் கடலுக்கு வந்தது அன்றுதான். கள்ளப்பாட்டில் ஆட்டோ மணல் தொடங்குகிற இடத்தோடு நின்றது. அதற்கு மேலே சில்லு போகாது. அங்கிருந்து அலை தெரியவில்லை. மணல்மேட்டுக்கு அப்பால் இரைச்சல் மட்டும் கேட்டது. ஆட்டோக்காரனும் முத்துலிங்கமும் அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள்.

"வேண்டாம்" என்றான் நாஸிம். "நீங்க கொண்டுபோங்கோ."

முத்துலிங்கம் வாளியை வாங்கிக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டி மேட்டைக் கடந்து இறங்கினார். ஷிஹானா பாதி வழிவரை போய் நின்று பார்த்தாள். மழை தூறியது. நாஸிம் வாளி இருந்த ஈரம் மடியில் ஊற, முன்சீட்டின் கிழிந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முத்துலிங்கம் இடுப்புவரை நனைந்து திரும்பி வந்தார். வாளி வெறுமையாக இருந்தது.

"விட்டாச்சு தம்பி."

"எங்கயும் ஒட்டிச்சுதா?"

முத்துலிங்கம் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"கலங்கிக் கிடக்குது நாஸிம். எனக்கு ஒண்டும் தெரியேல்ல. அலையில போச்சுது."

அந்தக் கரை முழுக்க மணல் என்பது நாஸிமுக்குத் தெரியும். ஒட்டுவதற்கு அங்கே ஒரு கல் கிடையாது. பாறைகள் எல்லாம் வெகு தூரம் வெளியே, அவன் நீந்திப் போன ஆழங்களில் இருந்தன.

"சரி அண்ணை" என்றான். "நீங்க இன்னும் நனையாமல் வீட்ட போங்கோ."

ஷிஹானா மணலைத் தட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் ஏறினாள். ஆட்டோ திரும்பியது. வழியில் முள்ளியவளை வந்தது. நாளைக்கு விடிய கம்பனி பஸ் முந்தியே வந்துவிடும், சோற்றை இரவே ஆக்கி வைக்கவேணும் என்று அவள் சொன்னாள். அவன் ஓம் என்றான்.